"சரியா சொன்னேனாம்மா?"

கேள்வி: விவாகரத்துக்காக ரெண்டு வக்கீலைப் பார்த்தேன். ஒருத்தர் கோர்ட்டுல எதிராளியைக் கிழிச்சிடுவார்னு பேர். இன்னொரு அம்மா 11 வருஷம் சோஷியல் ஒர்க்கரா இருந்துட்டு அப்புறம் சட்டம் படிச்சவங்க. என் எட்டு வயசுப் பையன் அவங்ககிட்ட "அப்பா பொறுப்பில்லாதவர், அவர்கூட எனக்குப் பாதுகாப்பு இல்ல"ன்னு சொன்னான். உடனே அவனை வெளியே உட்கார வச்சுட்டு, அவன் எத்தனை மணிக்குத் தூங்குவான், டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போவீங்கன்னு என்னையே குடைஞ்சாங்க. திரும்பி வரும்போது பையன் "சரியா சொன்னேனாம்மா?"ன்னு கேட்டான், பாவம் ரொம்ப டயர்டாயிட்டான். இவ்வளவு சாஃப்ட்டான ஆள் கோர்ட்டுக்குத் தாங்குவாங்களா?

பதில்: வக்கீல் கதை அப்புறம். பையன் கேட்டதைப் போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியல. பரீட்சை எழுதிட்டு வர்ற பிள்ளை கேக்குற கேள்விம்மா அது. பாடம் எடுத்தது யாரு? எட்டு வயசுப் பிள்ளைக்கு அப்பா மேல கோவம்னா "வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல"ன்னு அழும், "பொறுப்பில்லாதவர்"னு சொல்லாது, அது உங்க வார்த்தை. அவர் நிஜமாவே கை நீட்டுறவர்னா அதை நீங்க சொல்லுங்க, தேதியோட, இன்னைக்கே சொல்லுங்க. கடிதத்துல அப்படி ஒரு வரி கூட இல்லையே!

அந்தம்மா சாஃப்ட்டா? வீடு வீடாப் போய் பிள்ளைங்களைப் பார்த்து, கண்ணால பார்த்ததைத் தனியா, காதால கேட்டதைத் தனியா எழுதிப் பழகின கை அது. சொல்லிக் கொடுத்த பேச்சு எத்தனை தடவை கேட்டாலும் அதே வார்த்தையில வரும், "எப்போ, எங்கே"ன்னு ஒரு கேள்வி கேட்டா பிள்ளை அம்மா முகத்தைப் பாக்கும். அவங்க அதைத் தன் ரூமுக்குள்ளயே நிறுத்திட்டாங்க. இதே பேச்சை நாளைக்கு ஜட்ஜ் பையனைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா, அதுக்கப்புறம் நீங்க சொல்ற உண்மையைக் கூட யாரும் நம்ப மாட்டாங்க. தூக்கம், டாக்டர்னு கேட்டதெல்லாம் வெட்டிப் பேச்சு இல்ல, பிள்ளை யார்கிட்ட வளரணும்னு முடிவு பண்ற கஸ்டடி கேஸ்ல, அவனை தினம் வளர்க்கிறது யாருங்கிறதுக்கு அதுவும் சாட்சியம்தான்.

1989-ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில 12-வது பிரிவு, தன்னைப் பத்தின வழக்குல பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம்னு சொல்லுது. தன் கருத்தை, அம்மா கருத்தை இல்ல. 9-வது பிரிவுப்படி, பெத்தவங்க பிரிஞ்சாலும் ரெண்டு பேர்கிட்டயும் தொடர்பு வச்சுக்கிறது பிள்ளையோட உரிமை, அவன் நலனுக்குக் கெடுதல்னா மட்டும்தான் விதிவிலக்கு. புருஷன் வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணலாம், அப்பா வேண்டாம்னு அவனுக்காக முடிவு பண்ண உங்களுக்கு உரிமை இல்ல, நான் இதை யார்கிட்டயும் மழுப்ப மாட்டேன்.

ஆனா பழைய வேலையை மட்டும் பார்த்து கேஸைக் கொடுத்துடாதீங்க. சமரசம் ஆகாம விசாரணை வரைக்கும் போன கஸ்டடி கேஸ் எத்தனை நடத்துனீங்க, குறுக்கு விசாரணை நீங்களே பண்ணுனீங்களான்னு நேராவே கேளுங்க. இன்னொண்ணு, இப்போ அவங்க உங்க வக்கீல், கவுன்சலிங் பண்றவங்க இல்ல, பையனைப் பத்தி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதுறது வேற ஆளோட வேலை.

அடுத்த தடவை பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. சொல்லிக் கொடுத்ததை அவங்ககிட்ட நீங்களே ஒத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி அவன் தூங்குறதுக்குள்ள, "நீ யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்டா, அம்மா உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது தப்பு"ன்னு சொல்லிடுங்க.