"உனக்கு என்ன அரசியல் தெரியும்?" – கடிதம்

அன்புள்ள ஐயா,

தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு நானும் கணவரும் செய்தி சேனலில் விவாதம் பார்ப்போம். கல்யாணமான புதிதிலிருந்தே நாங்கள் சேர்ந்து உட்காரும் நேரம் அது. இப்போது அதுவே சண்டைக்கான நேரமாகிவிட்டது. ஒரு அரசியல் விமர்சகர், கூட்டணி உடைந்தே தீரும் என்கிறார். பக்கத்தில் இருப்பவர் உடையவே உடையாது என்கிறார். கணவருக்கு ஒருவரைப் பிடிக்கும், எனக்கு இன்னொருவரை. போன வாரம் நான் ஏதோ சொல்லப்போக, "உனக்கு என்ன அரசியல் தெரியும்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து விவாதம் ஆரம்பித்ததும் நான் உள்ளே போய்விடுகிறேன். யார் சொல்வதை நம்புவது? பார்ப்பதையே விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விமர்சகர்களைவிட என்னை உறுத்தியது உங்கள் கணவரின் அந்தக் கேள்விதான். திரையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மணி நேரமாக ஒருவரையொருவர் கேட்பதும் அதையேதான். நிகழ்ச்சி முடிந்தால் அவர்கள் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒரு வாரமாகத் தங்கிவிட்டது.

அரசியல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்த விமர்சகர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. பிலிப் டெட்லாக் என்ற உளவியல் ஆய்வாளர், அரசியலும் பொருளாதாரமும் தெரிந்த 284 பேரிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கணிப்புகளைக் கேட்டுப் பதிவு செய்து, 2005-ல் வெளியிட்டார். பலருடைய கணிப்பு, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாகத் தேறவில்லை. எல்லாவற்றையும் ஒரே கொள்கையை வைத்து அடித்துப் பேசியவர்கள் அதிகம் சறுக்கினார்கள். "இப்படியும் ஆகலாம்" என்று தயங்கியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். ஊடகத்தில் அதிகம் தலைகாட்டியவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிடவும் மோசம். தயங்குபவரை விவாதத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், அரை நிமிடத்தில் அழுத்தமாகச் சொல்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அதனால் யாரை நம்புவது என்பதை விட்டுவிட்டு, எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். நடந்ததைச் சொன்னால் சரிபார்த்துக்கொள்ளலாம். நடக்கப்போவதைச் சொன்னால் அது அவருடைய ஊகம். பெரும்பாலும் ஊகத்துக்குள் அவருடைய ஆசையும் கலந்திருக்கும். ஒருவருக்கொருவர் முரண்படுவதும் அங்கேதான் அதிகம்.

எங்கள் வீட்டிலும் இப்படி முட்டிக்கொண்டோம். ஒரு தேர்தல் சமயத்தில் மனைவி பழைய டைரி ஒன்றை எடுத்துவந்தார். விளம்பரம் வந்ததும் சத்தத்தை அடக்கிவிட்டு, என்ன நடக்கும் என்று இருவரும் தனித்தனியாக எழுதுவோம். இடது பக்கம் மனைவிக்கு, வலது பக்கம் எனக்கு. முடிவு வந்தபோது, "நான் அப்போதே சொன்னேனே" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் டைரியை விரித்து வைத்தார். அப்போதே சொன்னது இடது பக்கம். வலது பக்கத்தில் என் கையெழுத்தில் நேர்மாறாக எழுதியிருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

மனித மனத்தின் இந்தப் பழக்கத்தை முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டார் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியல் ஆய்வாளர். பயணம் முடிந்த பிறகு, முன்பு சொன்னதை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார். உண்மையில் நடந்தவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலரும் நினைத்துக்கொண்டார்கள்.

பார்ப்பதை விட வேண்டாம். இத்தனை வருடம் சேர்ந்து உட்கார்ந்த நேரத்தை அந்த இரு விமர்சகர்களுக்காக இழக்காதீர்கள். ஆனால் டிவி ஓடாத ஒரு பொழுதில், அந்தக் கேள்வி உங்களுக்கு வலித்தது என்று கணவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். டைரியெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் பக்கத்தில் அந்தக் கூட்டணி உடையுமா, உடையாதா என்று இருவரும் எழுதுங்கள். தேதி போட மறக்க வேண்டாம்.