அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கையெழுத்து

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. பெருங்குடலில் புற்றுநோய் என்று கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை ஆய்வகத்தில் வளர்த்து, குட்டிக் குடல் மாதிரி உருவாக்கி, மருந்துகளைச் சோதிப்பார்களாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதற்கான சம்மதப் படிவம் கொண்டுவந்தபோது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதற்குத் தொந்தரவு என்று நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை. அந்தக் குட்டிக் குடலுக்கு வலிக்குமா? கம்பெனிகள் அதை வைத்துச் சம்பாதிக்குமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வலிக்காது. ஜெல் துளிக்குள் வளரும் அந்தச் சின்னஞ்சிறு உருண்டைகளில் நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. சம்பாதிக்கலாம், அதைப் பற்றிப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நல்ல ஆராய்ச்சிதான். 2009-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எலியின் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து இப்படி வளர்த்துக் காட்டினார்கள். இன்று நோயாளியின் கட்டியிலிருந்தே வளர்த்து, எந்த மருந்து கேட்கிறது என்று பார்க்கிறார்கள்.

ஆனால் பேப்பர் படிக்கத் தெம்பிருந்த மனிதருக்கு அந்தப் படிவத்தைப் படிக்கத் தெம்பில்லையா? அப்பா என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வந்திருப்பது புற்றுநோய் என்றாவது அவரிடம் சொன்னீர்களா? எனக்குச் சந்தேகம்தான். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயரை முதலில் போடுகிறோம். அவர் உடம்பைப் பற்றி அவரிடமே கேட்க மாட்டோம். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நோயாளி சுயமாக முடிவெடுக்கக்கூடியவராக இருந்தால் அவரிடம்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். உங்களிடம் படிவத்தை நீட்டியவரும் தப்புதான் செய்தார். அதனால் உங்கள் தப்பு குறைந்துவிடாது.

1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்ச் செல்களை அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அங்கே மறைத்தவர்கள் டாக்டர்கள். உங்கள் வீட்டில் மறைத்தது பெற்ற மகள்.

இன்னொன்று. அந்த உருண்டைகளில் இருக்கும் அப்பாவின் மரபணுவில் பாதி உங்களிடமும் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயில் சில, லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறையால் வருபவை போல, பரம்பரையாக வருபவை. அப்படி ஏதாவது தெரிந்தால் யாருக்குச் சொல்வார்கள் என்று கேட்டீர்களா? உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இது முக்கியம்.

இந்த வாரமே படிவத்தின் நகலை வாங்கி அப்பா கையில் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் உட்காருங்கள். கோபித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சரி என்றால் அவரே கையெழுத்துப் போடட்டும். வேண்டாம் என்றால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக அவரே எழுதிய கடிதத்தை அந்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.