ஒன்பது வாக்கியங்களும் ஒரு டீ பிரேக்கும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். 'மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்' என்ற மனப்பான்மையை அளக்கும் 9 வாக்கிய அளவுகோலைத் தமிழாக்கி, ஓசூர் ஆலைத் தொழிலாளர்களிடம் கொடுக்கப் போகிறேன். அதிக மதிப்பெண் வாங்குபவர்களை நார்சிசிஸ்ட் (தன்னையே மிகப் பெரிதாக நினைப்பவர்) என்று பிரிக்கலாமா?

பதில்: பிரிக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் தமிழாக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது.

உளவியலாளர் கீத் கேம்பெலும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட அளவுகோல் அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை. மொத்தம் 9 முதல் 63. அதன் மையச் சொல்லான 'என்டைட்டில்மென்ட்' என்பதை 'உரிமை' என்று தமிழாக்கினால் கதை கெட்டது. நமக்கு உரிமை என்றால் நியாயமாகச் சேர வேண்டியது. ஓவர்டைம் கூலி பாக்கி நிற்கும் ஒருவர் 'எனக்கு இன்னும் சேர வேண்டியது இருக்கிறது' என்பதில் 7 போடுவார். அது மனப்பான்மை இல்லை, கணக்கு. 'தகுதி' என்று போட்டாலும் சிக்கல்தான். படிப்பு, சர்வீஸ் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். 'மற்றவர்களைவிட எனக்கு' என்ற ஒப்பீடு வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

அதில், தன்னைப் போன்றவர்களுக்கு அவ்வப்போது கூடுதல் சலுகை வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. மூலத்தில் உள்ள சொல் 'பிரேக்'. அதை அப்படியே வைத்தால் ஷிப்டில் நிற்பவர் டீ பிரேக் என்றுதான் படிப்பார். டைட்டானிக்கில் இருந்தால் முதல் உயிர்காப்புப் படகு எனக்கே என்பது இன்னொன்று. ஒகேனக்கல் பரிசலாக மாற்ற எனக்கும் ஆசைதான். மாற்றினால், மூல அளவுகோலின் மதிப்பெண்களோடு ஒப்பிடும்போது அதை எழுதிவைக்க வேண்டும்.

ஐந்தாவது வாக்கியம் தலைகீழ்: எனக்கென்று தனிக் கவனிப்பு தேவையில்லை என்பது. அவர் போட்ட எண்ணை 8இலிருந்து கழித்துத்தான் கூட்ட வேண்டும். மாணவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் இது. 'தேவையில்லை' என்பதற்குத் தலையாட்டுபவர் ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்பதும் நேரில் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே 200 பேருக்கு முன் பத்துப் பேரிடம் கொடுங்கள். 7 போட்ட இடத்தைத் தொட்டு, 'ஏங்க இது?' என்று கேளுங்கள். தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்ப்பதில் சிக்காத பிழை அந்தப் பதிலில் சிக்கும்.

சரி, நார்சிசிஸ்ட் விஷயம். இந்த அளவுகோலுக்கு நோயைப் பிரிக்கும் எல்லைக்கோடு கிடையாது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் நார்சிசிச ஆளுமைக் கோளாறுக்கு 9 அடையாளங்கள். குறைந்தது 5 வேண்டும். நீங்கள் அளப்பது அதில் ஒன்றோடு மட்டுமே தொடர்புடையது. மேனியா நிலையில் (மனநிலை அளவுமீறி உயர்ந்திருக்கும் கட்டத்தில்) இருப்பவருக்கும் இந்த நினைப்பு தற்காலிகமாக ஏறும். கிளினிக்கில் நேர்காணலும், வீட்டார் சொல்வதும், பல வருட நடத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். ஆய்வேட்டில் 'அதிக மதிப்பெண் பெற்றவர்கள்' என்று எழுதுங்கள், போதும். பெயர் எழுதிய தாளை ஆலை நிர்வாகம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.