பில்லிங்கும் ஆப்பும் ஒரு கையில், பேக்கப் இன்னொரு கையில்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பம்புசெட், பிவிசி பைப், சொட்டுநீர் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். பொள்ளாச்சியில் ஒரு கிளை. பில்லிங், கடைக்காரர்கள் ஆர்டர் போட ஒரு ஆப், கம்ப்யூட்டர் பராமரிப்பு எல்லாவற்றையும் வெளியே கொடுக்கப் போகிறோம். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று மொத்தமும் தங்களிடமே கொடுத்தால் சல்லிசாக முடித்துத் தருவதாகச் சொல்கிறது. ஆப் மட்டும் செய்து தர கொச்சிக்காரர்கள் தயார். ஒரே இடத்தில் கொடுப்போம் என்கிறார் அண்ணன். எனக்கோ, ஒருத்தரிடமே மாட்டிக்கொள்வோமோ என்று பயம். எது சரி?

பதில்: எத்தனை பேர் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்த வேலையை எதிலிருந்து பிரித்தால் சிக்கல் வராது என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் தொழிலில் பிரிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. கடை கேரளத்தில், கிளை தமிழ்நாட்டில் என்பதால் உங்களுக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள். முதலாளி ஒருவரே ஆனாலும், பொள்ளாச்சி குடோனிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு மோட்டார் அனுப்பினால் சட்டப்படி அது வேறொருவருக்குச் சரக்கு கொடுத்த கணக்கு. ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி, போட்ட பில் வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு), ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போயிருந்தால் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவான பில்) வேண்டும். 2017 ஜூலையோடு வரி செக்போஸ்ட்தான் போனது; மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டி எங்கே வேண்டுமானாலும் அதிகாரிகள் வண்டியை நிறுத்திக் கேட்கலாம்.

ஆக பில், இருப்பு, ஆர்டர் மூன்றும் ஒரே கணக்கு. இதில் பில்லிங்கைக் கோவைக்கும் ஆப்பைக் கொச்சிக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? ஆப்பில் 40 மோட்டார் காட்டும், குடோனில் 12 இருக்கும். ‘எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று இரண்டு பேருமே சொல்வார்கள். யார் பக்கம் தப்பு என்று கண்டுபிடிக்க உங்களிடம் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். பலரிடம் கொடுப்பதன் உண்மையான செலவு அதுதான், எந்தக் கொட்டேஷனிலும் அது வராது. இந்த அளவில் அண்ணன் சொல்வதே சரி.

கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவியை உள்ளூர்ப் பையன் யாரிடமாவது விடுங்கள். கூப்பிட்டால் வர வேண்டும், அவ்வளவுதான்.

பேக்கப்பை மட்டும் அந்தக் கோவை கம்பெனியிடம் கொடுக்காதீர்கள். 2024 ஜூலைக் கடைசியில் சிறிய வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தை, டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து துண்டித்தது. அதை நம்பியிருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ உள்ளிட்ட சேவைகள் நின்றன. ஒரே சப்ளையரின் ஆபத்து இதுதான்: அவர் விழும்போது உங்கள் எல்லாமே சேர்ந்து விழும். தினமும் இரவு உங்கள் டேட்டாவின் நகல் ஒன்று, அவர்களுக்குப் பாஸ்வேர்டு தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். வேறொரு ஆளை வைத்து இதைச் செய்யுங்கள், பெரிய செலவில்லை.

மாட்டிக்கொள்ளும் பயத்துக்கு மருந்து காகிதத்தில் இருக்கிறது. டொமைன், கிளவுட் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு மூன்றும் உங்கள் கம்பெனி பெயரில் இருக்கட்டும். ஓடிபி உங்கள் மொபைலுக்கு வரட்டும். இதைவிடப் பலர் கோட்டைவிடுவது பதிப்புரிமையை. காசு கொடுத்து எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் தானாகவே நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளி கம்பெனி எழுதிய நிரலுக்கு அவர்களே முதல் உரிமையாளர். கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் உங்களுக்கு மாறும். அப்படி எழுதும்போதும் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு மட்டுமே என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று எழுதச் சொல்லுங்கள். சோர்ஸ் கோடும், அதாவது எழுதிய மூல நிரலும், மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏற வேண்டும்.

இதில் நிரந்தர விடை எதுவுமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1984இல் இடிஎஸ் என்ற ஐடி கம்பெனியையே வாங்கியது, 1996இல் பிரித்துவிட்டது, 2006இல் பல நிறுவனங்களுக்கு வேலையைப் பங்குபோட்டது, 2012இல் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளேயே கொண்டுவரத் தொடங்கியது. நீங்கள் ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். விலகினால் 90 நாள் கூடவே இருந்து ஒப்படைக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். வழக்கு கோவை நீதிமன்றத்தில் மட்டுமே என்று அச்சடித்த வரி ஒன்று நிச்சயம் இருக்கும். உங்கள் மாவட்டமான பாலக்காட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பை ஏற்றி ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு செக் எழுதுங்கள்.