சந்தனக் கன்றுக்கு இன்னும் என்ன உரம் போடலாம்?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் சந்தனம் வைத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நட்டபோது ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் துவரை இருந்தது. காய்ப்பு முடிந்ததும் பிடுங்கிவிட்டேன். களை ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறேன். சொட்டு நீர் உண்டு. டிஏபி, யூரியா, நுண்ணூட்டக் கலவை எல்லாம் கொடுத்தாயிற்று. ஆனாலும் இலை வெளிறி மஞ்சளாகிறது, நுனி காய்கிறது, செடி இடுப்பளவைத் தாண்டவில்லை. வேலியோரம் இருக்கும் சில கன்றுகள் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன. இன்னும் என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே விடை இருக்கிறது. வேலியோரம் கிளுவையோ ஆடாதொடையோ வேறு ஏதாவது புதரோ உயிரோடு இருக்கும். அந்தக் கன்றுகளின் வேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தோட்டத்தின் நடுவில் இருப்பவற்றுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. நீங்கள் அக்கறையோடு செய்த களையெடுப்புதான் அவற்றை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இது ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புரிந்துகொண்டால் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

உரத்தைச் செடியின் சாப்பாடு என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் செடி தன் சாப்பாட்டை இலையில்தான் தயாரிக்கிறது. இலைத்துளை வழியாகக் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வருகிறது, வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது. பச்சையம் பிடித்த வெயிலின் ஆற்றலைக் கொண்டு இவ்விரண்டும் சர்க்கரையாகின்றன. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் மாவு, நார், கட்டை, சந்தனத்தில் மணக்கும் எண்ணெய் எல்லாமே வருகின்றன. காய்ந்த கட்டையின் எடையில் 95 சதவீதத்துக்கும் மேல் கரி, ஆக்ஸிஜன், ஹைட்ரஜன். இவை காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. மண்ணிலிருந்து வருவது மீதிச் சிறு பங்குதான்.

ஆனால் அந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் இலை வேலை செய்யாது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்களும் ஒரு மெக்னீசிய அணுவும் இருக்கின்றன. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் புரதத்துக்கும் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, ஏராளமாக வேண்டும். தழைச்சத்து குறைந்தால் பச்சையம் குறையும், பச்சையம் குறைந்தால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் வேர் வளராது. வேர் வளராவிட்டால் தழைச்சத்து இன்னும் குறையும். உங்கள் கன்றுகள் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, அதற்குத்தானே யூரியா போட்டேன் என்று கேட்பீர்கள். மற்றச் செடிகளிலிருந்து சந்தனம் வேறுபடும் இடம் இதுதான்.

சந்தனம் ஒரு பகுதி ஒட்டுண்ணி. இலை பச்சைதான், சர்க்கரையைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் தண்ணீரையும் உப்புச் சத்துகளையும் எடுக்க அதன் சொந்த வேர் போதாது, மண்ணை உறிஞ்சும் வேர்த்தூவிகள் அதில் குறைவு. அதனால் மண்ணுக்குள் பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டதும் அந்த இடத்தில் மணி வடிவில் சின்னதாக ஒரு புடைப்பை உண்டாக்குகிறது. ஹாஸ்டோரியம் என்று பெயர். அது அந்த வேரின் தோலைத் துளைத்து, தண்ணீர் ஏறும் சைலக் குழாய் வரை போய் இணைந்துகொள்கிறது. சந்தன இலை தண்ணீரைத் தாராளமாக ஆவியாக்குவதால் உண்டாகும் இழுப்பில், அடுத்த செடியின் தண்ணீர் இதற்குள் ஏறுகிறது. அதோடு கரைந்த சத்துகளும், அமினோ அமிலமாக மாறிய நைட்ரஜனும் வந்துவிடுகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் ஸ்காட் 1871-லேயே சந்தனம் வேர் ஒட்டுண்ணி என்று எழுதிவிட்டார். பிறகு சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர் இந்த ஹாஸ்டோரியத்தை அணு அணுவாக ஆராய்ந்தார். பிற்பாடு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன அதே பார்பர்தான். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இந்தச் செய்தியைச் சொல்லாமலே இன்றும் பல இடங்களில் கன்று விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒட்டுண்ணி என்றதும் பயப்பட வேண்டாம். எல்லா ஒட்டுண்ணியும் ஒரே அளவுக்குப் பறிப்பதில்லை. புகையிலைக் காட்டில் முளைக்கும் புகையிலைக் காளான் என்ற ஒட்டுண்ணிச் செடிக்குப் பச்சையமே கிடையாது, சர்க்கரை உட்பட அனைத்தையும் புகையிலையிடம்தான் எடுக்க வேண்டும். கரும்பில் வரும் சுடுமல்லிக்குப் பச்சை இலை உண்டு, ஆனாலும் கரும்பைக் கடுமையாக முடக்கிவிடும். மாமரத்துப் புல்லுருவி கிளையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரையும் உப்பையும் எடுக்கிறது. சந்தனம் செய்வதும் இதுதான், மண்ணுக்கடியில் செய்கிறது. நூற்றுக்கணக்கான செடி வகைகளின் வேரை அதனால் பிடிக்க முடியும். துணை மரத்தின் வளர்ச்சி கொஞ்சம் குறையும், திடமான மரமாக இருந்தால் சாகாது.

அப்படியானால் முதல் வருடம் எப்படி நன்றாக வளர்ந்தது? முளைக்கும்போது விதையில் சேமிப்பு இருந்தது, அப்புறம் துவரை இருந்தது. துவரையைப் பிடுங்கிய பிறகு புல் பூண்டுகளின் வேரைப் பிடித்துக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கும். அதையும் எடுத்துவிட்டீர்கள். துணை கிடைக்காத சந்தனம் தன் வேரையே துளைத்து ஹாஸ்டோரியம் போடுவதும் உண்டு. அதில் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

நான் சொல்வதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேலியோரம் நன்றாக இருக்கும் ஒரு கன்றுக்கும் புதருக்கும் நடுவில் மேல் மண்ணைக் கையால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். மெல்லிய வேர்கள் வேறொரு வேரின் மேல் குமிழ் போல ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். தோட்டத்தின் நடுவில் வாடும் கன்றிலும் அதே போலப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் சீக்கிரம் வேர் விடும் துணை. ஒவ்வொரு கன்றிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி, இரண்டு மூன்று பக்கம் துவரை விதையை ஊன்றுங்கள். அகத்தியும் நல்லது. துவரை, அகத்தி போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அந்த நைட்ரஜன் துவரை வேர் வழியாக உங்கள் சந்தனத்துக்குப் போகும். நீங்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டியும் போய்ச் சேராத தழைச்சத்து இந்த வழியில் சேரும். காய் பறித்த பின் துவரையைப் பிடுங்காதீர்கள், கிளையை மட்டும் கவாத்து செய்யுங்கள். அது காய்வதற்குள் அடுத்த விதை முளைத்திருக்க வேண்டும்.

கூடவே நீண்ட காலத் துணையும் இப்போதே வையுங்கள். நான்கு சந்தனங்களுக்கு நடுவில் ஒரு மரம் என்ற கணக்கில், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி. சவுக்கு என் முதல் தேர்வு. அது பயறு வகை இல்லை என்றாலும் அதன் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது, நிழலும் அடர்த்தியாக விழாது. புங்கமும் வைக்கலாம், ஆனால் படர்ந்து சந்தனத்தை மூடிவிடாமல் வருடா வருடம் வெட்டிவிட வேண்டும். இளம் சந்தனத்துக்குக் கொஞ்சம் நிழல் பிடிக்கும், வளர்ந்த பின் இலையில் வெயில் விழ வேண்டும். சர்க்கரை செய்ய வேண்டியது அதன் இலைதானே, துணை மரம் அதைச் செய்து தராது. சவுக்கை ஒரேயடியாக வெட்டி விற்றுவிடாதீர்கள். பாதியை வெட்டினால் மீதி நிற்க வேண்டும்.

சொட்டுநீர்க் குழாயில் துணைச்செடிப் பக்கமும் ஒரு துளை கொடுங்கள். தொழு உரத்தைத் துணையின் வேர் இருக்கும் இடத்தில் போடுங்கள். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். கன்றின் தூரைச் சுற்றி ஓரடிக்குக் கொத்தினால் போதும், மற்ற இடத்தில் புல் இருந்தால் இருக்கட்டும், உயரமாக வந்தால் அறுத்துவிடுங்கள்.

துணை இருந்தும் சில கன்றுகள் தேறவில்லை என்றால் வேறு காரணம் பாருங்கள். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் சந்தனத்தின் வேர் அழுகும். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தழைச்சத்துக் குறைவில் கீழே உள்ள முதிர்ந்த இலைதான் முதலில் வெளிறும். இலைகள் மிகச் சிறுத்து, விறைத்து, குச்சி குச்சியாக நெருங்கி நின்றால் அது ஸ்பைக் நோயாக இருக்கலாம். குடகில் 1899-ல் பதிவான நோய் அது, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருகிறது. எந்த உரமும் மருந்தும் அதைக் குணப்படுத்தாது. அப்படிப்பட்ட மரம் ஒன்று தென்பட்டாலும் வனத்துறையிடமோ பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திடமோ படத்தோடு கேட்டு உறுதி செய்துகொண்டு, உடனே அப்புறப்படுத்துங்கள்.