தவறு குறைய என்ன வழி?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். சம்பளத்தை உயர்த்தினோம், அலுவலகத்தைக் குளிர்சாதன வசதியுடன் புதுப்பித்தோம், வேலை தேங்கும்போது இரவு வரை இருக்கச் சொல்கிறோம். ஆனாலும் தவறுகள் குறையவில்லை, நல்ல ஊழியர்கள் விலகிப் போகிறார்கள். இவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதானே பொருள்?

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். சம்பள உயர்வும் வசதியும் கட்டாயம் தேவை. அவற்றைச் செய்தது நல்லதே. ஆனால் அவை மனக்குறையைத்தான் போக்கும், வேலையில் ஈடுபாட்டை வளர்ப்பவை பொறுப்பும் அங்கீகாரமும் சாதித்த நிறைவுமே என்று, பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் எழுதினார் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். அவருடைய ஆய்வு முறையில் குறை கண்டவர்கள் உண்டு. எனினும், சம்பளம் ஏறியும் நல்லவர்கள் ஏன் போகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு அது பொருந்தி வருகிறது.

தவறுகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருப்பதை உங்கள் ஊழியர் ஒருவர் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழும் என்று அவர் அஞ்சினால், யாரிடமும் வாய் திறக்காமல் அந்தப் பதிவை மட்டும் சரிக்கட்டிவிட்டுப் போவார்; அது ஏன் இரண்டு முறை பதிவானது என்பதை யாரும் ஆராயாததால், அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே தவறு நேரும். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறியதால் அல்ல, தவறை அச்சமின்றி வெளியே சொல்ல முடிந்ததால்தான் எண்ணிக்கை கூடியது என்பது அவர் தந்த விளக்கம். ஆகவே, தவறைத் தாமாக வந்து சொல்பவரிடம் நீங்கள் பேசும் முதல் வாக்கியம் எந்தச் சுற்றறிக்கையையும் விட வலிமையானது. ‘யார் செய்தது?’ என்பதற்குப் பதிலாக, ‘எப்படி நேர்ந்தது?’ என்று கேளுங்கள்.

இரவு வரை இருக்கச் சொல்வதை முடிந்த அளவு நிறுத்துங்கள். களைத்த கண்களே பதிவுகளைத் தவறவிடுகின்றன. அதைவிட முக்கியமானது உடல்நலம்: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட ஆய்வு கணித்தது.

விலகிப் போகிறவர்களிடம் காரணம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேளுங்கள்; ஆனால் நீங்கள் நேரில் கேட்டால் மரியாதைக்காக ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள் என்பதால், உங்கள் பிரிவைச் சேராத ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள். இப்போது இருப்பவர்களிடமும், அன்றாட வேலையில் அவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பது எது என்று விசாரித்து, அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது இந்த மாதமே சரிசெய்து கொடுங்கள்.