விளம்பரத்தில் 340, வேகமானியில் 252: வில் பழுதா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: வவுனியாவில் ஒரு தரகரிடம் வாங்கிய கொம்பவுண்ட் வில்லின் (இரு முனையிலும் சில்லு பூட்டிய வில்) விளம்பரத்தில் அம்பின் வேகம் செக்கனுக்கு 340 அடி என்றிருந்தது, வேகமானியில் 252 அடிதான் காட்டியது, மகள் 50 றாத்தல் விசையில், 26 அங்குலம் இழுத்து, 350 கிரெய்ன் அம்பை, அதாவது ஏறத்தாழ 23 கிராம் அம்பை, எய்கிறாள், வில் பழுதா?

இந்த எண்களைப் பார்த்தால் பழுதில்லை. ஐ.பி.ஓ. (சர்வதேச வில்வேட்டை அமைப்பின் அளவுமுறை) என்று பொறித்து விளம்பரப்படுத்தும் வேகம் பொதுவாக 70 றாத்தல் விசையில், 30 அங்குலம் இழுத்து, 350 கிரெய்ன் அம்பை ஏறக்குறைய வெறும் நாணிலிருந்து விட்டுப் பெறப்படுவது. இழுவை ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 10 அடி போகும். விசை 10 றாத்தல் குறைந்தால் 15 முதல் 20 அடி போகும். நாணில் பூட்டிய பார்வைத் துளையும், நாணை இழுக்கப் பிடிக்கும் கொளுவியும் இன்னும் சில அடிகளைத் தின்னும். உங்கள் மகளுக்கு நான்கு அங்குலமும் இருபது றாத்தலும் குறைவு என்பதால், கணக்கு 250 அடிக்கு அருகில்தான் வந்து நிற்கும்.

இனித் தரகர் வருவார், பாரம் குறைந்த அம்பைப் போட்டால் வேகம் கூடும் என்பார். கூடும்தான், ஆனால் றாத்தலுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே, அதாவது மகளின் வில்லுக்கு 250 கிரெய்னுக்குக் கீழே, போகவே வேண்டாம். அம்பு ஏற்காத விசை வில்லிலேயே இறங்கி, அதன் கரங்களைப் பிளக்கலாம். 60 முதல் 70 றாத்தல் வில்லைக் காட்டி, கரத்தைப் பிடித்திருக்கும் ஆணியைத் தளர்த்தினால் 50க்கு இறங்கும் என்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்: உற்பத்தியாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் தளர்த்தினால், இழுக்கும்போதே கரம் கழன்று முகத்தில் அடிக்கலாம். உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி நடக்கும் போட்டியில் உச்ச வரம்பே 60 றாத்தல்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே மகள், அதே அம்பு, அதே வேகமானி என்றிருக்க, சென்ற மாதம் 252 ஆக இருந்தது இந்த மாதம் 240 ஆனால், அப்போது வில்லைச் சந்தேகியுங்கள்; நாண் நீண்டிருக்கலாம், இரு சில்லுகளும் ஒன்றாகச் சுழலாமல் ஒன்று முந்தலாம். அம்பை மாற்றியிருந்தாலோ வேறு வேகமானியில் பார்த்திருந்தாலோ இந்த ஒப்பீடு செல்லாது. வில்லில் 50 றாத்தல் என்று எழுதியிருப்பதையும் நம்பாமல், தொங்கு தராசில் கொளுவி இழுத்துப் பாருங்கள்.

மாவட்டத்துக்கு ஒரு வேகமானி வாங்கிக் கொடுத்தால் தரகரின் பாதி வியாபாரம் படுத்துவிடும். அதற்கு ஆகும் காசு ஒரு பரிசளிப்பு விழாவின் மேடைச் சோடனைக்கும் காணாது, ஆனாலும் யாரும் வாங்கித் தருவதில்லை.

அதிவேகம் முக்கியமாக வேட்டைக்காரருக்கான விற்பனைப் பேச்சு. மகள் எய்வது தெரிந்த தூரமான 50 மீற்றரில். குறிகாட்டியை ஒருமுறை சரிசெய்தால் 252 அடி தாராளமாகப் போதும். வேகமான வில்லுக்கு மாற்றுவதற்கு வைத்திருக்கும் காசில், ஒரே பாரமுள்ள ஒரு டசின் அம்புகளை வாங்குங்கள்.